நெடுந்தீவில் குதிரை பார்த்தது

2012-இல், ஆங்கில இலக்கியத்தில் வாங்கிய பி.ஏ. பட்டத்தின் சூடும் வங்கியில் கிடைத்த குமாஸ்தா வேலையின் சூடும் ஆறாத சமயத்தில், ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் மதிப்புரை எழுதினேன். மெலிந்த தொகுதி. ஆசிரியர் நெடுந்தீவைச் சொந்த ஊராகக் கொண்டவர். அப்போதே வெளிநாட்டில் குடியேறிவிட்டவர். அதில் ஒரு கவிதையில் கடலுக்கு நடுவே குதிரைகள் நிற்கின்றன. கம்பி வலை போட்டு மூடிய ஒரு கிணற்றைச் சுற்றித் தாகத்தோடு வெகுநேரம் நிற்கின்றன. அவ்வளவுதான் கவிதை. இதை நான் ஐரோப்பிய ஸர்ரியலிஸத்தின் மூன்றாம் கை இறக்குமதி என்று எழுதினேன். கடற்கரைக் குதிரைகளை டி கிரிகோ 1920-களிலேயே வரைந்து தீர்த்துவிட்டார் என்றும், தன் மண்ணில் காலூன்றாமல் பாரிஸ் ஓவியக்கூடங்களில் மேய்ந்துகொண்டிருக்கும் தமிழ்க் கவிஞனுக்கு இது சரியான உதாரணம் என்றும் எழுதினேன். 'மேய்ந்து' என்ற வார்த்தை வந்து விழுந்ததில் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே மதிப்புரையில் ஒரு கவிதையைப் பாராட்டியும் இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு.

கவிஞர் பதில் எழுதவில்லை. நம் சூழலில் இது அபூர்வமான காரியம். நான் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். பதிலுக்குப் பதில் எழுத இரண்டு பாராக்கள் கூடத் தயாராக வைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவருடைய அடுத்த தொகுதி வந்தது. பின்னட்டை முழுவதும் ஒரு புகைப்படம். வறண்ட வெளி, தொலைவில் நீலக் கோடாகக் கடல், நடுவே கம்பி வலை போட்ட ஒரு கிணறு, அதைச் சுற்றி ஏழு குதிரைகள். கீழே, சின்ன எழுத்தில், என் மதிப்புரையிலிருந்து அந்த வாக்கியம். அதன் கீழே என் பெயர். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

நம் வட்டம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதத்திற்குள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். சிரிப்பு தணிந்துவிட்டது என்று நான் நம்ப ஆரம்பிக்கிற போதெல்லாம், திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ ஒரு கூட்டத்தில் யாராவது தோளில் கை போட்டு, "எப்படி இருக்கு குதிரையெல்லாம்?" என்று விசாரிப்பார்கள். அந்தப் பின்னட்டையை நான் எம்ப்ஸனின் 'ஏழு வகை மயக்கங்கள்' புத்தகத்திற்குள் வைத்திருந்தேன். எட்டாவது வகை ஒன்று உண்டு, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது, அது எம்ப்ஸனுக்குத் தோன்றவில்லை என்று நானே என்னைக் கேலி செய்துகொள்வேன். பிறர் செய்வதற்கு முன் நாமே செய்துவிடுவது ஒரு தற்காப்பு.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடியும் கப்பல் விட்டார்கள். செப்டம்பரில் நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். வெளிநாடு போவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து 'குதிரை பார்க்க' என்று எழுதினேன். மேனேஜர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரேஸா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அவரே அதை அடித்துவிட்டு 'ஆலய தரிசனம்' என்று மாற்றினார்.

கப்பல் என்றால் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் கம்பெனி ஆரம்பித்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிக் காட்டினார். அவர் பிறந்த இடம் இன்று நினைவு இல்லம். நான் வங்கிக்குப் போகும் வழியில் தினமும் அதைக் கடக்கிறேன். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து ஸ்காட்டியா பிரின்ஸ் என்று ஒரு கப்பல் கொழும்புக்குப் போய் வந்தது. ஜூனில் தொடங்கி வருஷம் முடிவதற்குள் நின்றுவிட்டது. ஆகவே கப்பலோட்டிய தமிழனின் ஊர்க்காரன் கப்பல் ஏற வேண்டுமானால் பஸ் ஏறி நாகப்பட்டினம் போக வேண்டும். கப்பலின் பெயர் சிவகங்கை. எங்கள் பக்கத்தில் சிவகங்கைக்குப் போகிறவன் மதுரை போய் மாறுவான். சிவகங்கையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குவதை வீட்டில் என் அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

துணைக்கு வந்தவர் விளாத்திகுளம் பக்கத்துத் தமிழாசிரியர். கவிதை எழுதுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்று அழைக்கிறவர். என்னுடைய மதிப்புரைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லாததால்தான் எங்கள் நட்பு நீடிக்கிறது. அவருடைய தாத்தா, 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் பாரில் மூழ்கியவர். இதைக் கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் வரை மூன்று பேரிடம் சொன்னார். நகர்ந்து அரை மணி நேரத்தில் மூழ்குகிறவனின் பேரன் பிளாஸ்டிக் பைக்குள் தலையைக் கொடுத்தார். ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்துக் காங்கேசன்துறையில்தான் எடுத்தார். இறங்கியதும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "தாத்தா கீழதான் போனாரு வே. மேல மெதக்கதுல அவருக்குப் பழக்கம் கிடையாது."

மறுநாள் காலை யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆட்டோவில் புறப்பட்டோம். அங்கே அதை 'ஓட்டோ' என்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால், இலங்கையின் தலையிலிருந்து தென்மேற்கே சிதறிய துண்டுகள் போலத் தீவுகள் கிடக்கின்றன. பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேலணை. வேலணையிலிருந்து கடலுக்குள் போட்ட நீண்ட பாதையில் போனால் புங்குடுதீவு. அதன் முனையில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகு. நான் மனதில் தயாரித்து வைத்திருந்த நிலப்பரப்பு கொஞ்சம் கரடுமுரடானது, ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வருவது போல. 1773-இல், அறுபத்து நாலு வயதாகப் போகிற டாக்டர் ஜான்ஸன், போஸ்வெல்லைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மழையிலும் காற்றிலும் குதிரை மேலும் படகிலுமாக அலைந்தார். மரமே இல்லாத நாடு என்று வழி நெடுகக் குறைப்பட்டார். கல்லூரியில் அதைப் படித்த நாளிலிருந்து, என்றைக்காவது வடக்கில் ஒரு தீவுக்குப் போவேன், அங்கே பாறையும் மூடுபனியும் இருக்கும், நான் எதையாவது நன்றாகத் திட்டுவேன் என்றொரு கற்பனை இருந்தது.

வேலணையில் நான் கண்டது பனைமரம். அதற்கப்புறம் பனைமரம். நடுநடுவே உடைமரம். தட்டையான தரை, காய்ந்த புல், வெள்ளை வெயில். அண்ணாச்சி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "என்ன வே, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்மூர்ல பஞ்சாயத்து போர்டு தாண்டுனா இதுதானே கெடக்கு" என்றார். மண் மட்டும் வேறு. எங்கள் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இங்கே வெடிக்க மண்ணே இல்லை. கொஞ்சம் சுரண்டினால் பவளக் கல்.

எங்கள் ஓட்டுநர் வீடுகளை அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். புங்குடுதீவில் கூரை போன வீடுகள், கூடத்திலேயே பனை முளைத்து உத்தரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்ட வீடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் சலவைக்கல் பளபளக்கப் புதிதாகக் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள். "இது பாரிஸ். அங்கால தெரியிறது சுவிஸ். இது ரெண்டும் கனடா. இவர் முந்திப் பாரிஸ், இப்ப லண்டன்." வீட்டுக்காரர் பெயரை அவர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளைப் பிடித்தபோது வேலணைக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பர்க் என்றும், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த கையோடுதான் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். ஐரோப்பாவைக் கொண்டுவந்து இந்த மணலில் ஒட்டவைக்க அவர்கள் பட்ட பாடு பலிக்கவில்லை. டெல்ஃப்டைத் தவிர மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. முந்நூறு வருஷம் கழித்து ஊர்க்காரர்களே ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "இதை எழுதிராதீரும். கச்சிதமா இருக்கு" என்றார். கச்சிதமாக இருப்பது எதுவும் பொய் என்பது அவர் கட்சி.

குறிகட்டுவானில் படகுக்கு முன் ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி தன் பெயரை இனிஷியலோடும், புலவர் பட்டத்தோடும், தான் எழுதிய ஒரே தொகுதியின் தலைப்போடும் சொன்னார். பையன் சலனமில்லாமல் 'இந்தியா 2' என்று எழுதிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். ஒரு மணி நேரக் கடல். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு தாத்தாவை வேண்டிக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவு ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீட்டர். துறையில் ஒரு பழைய பிக்கப் வண்டி பிடித்தோம். முன்னிருக்கை ஓட்டுநருடைய கோழிக்கூண்டுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் பின்னால் நின்றுகொண்டு போனோம். நின்றுகொண்டு போனதில் ஒரு லாபம்: வேலிகளின் மேலாகப் பார்க்க முடிந்தது. அந்தத் தீவில் வேலி என்பது முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சாந்து கிடையாது, பூச்சு கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில், வளைந்து வளைந்து, யாரும் இல்லாத வளவுகளைக் கூட விடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. டெல்ஃப்ட் என்றால் எனக்கு வெர்மீர். வெர்மீர் என்றால் ப்ரூஸ்ட். ப்ரூஸ்டின் நாவலில் பெர்கோத் என்ற எழுத்தாளன், வெர்மீரின் டெல்ஃப்ட் நகர ஓவியத்தில் ஒரு துண்டு மஞ்சள் சுவரைப் பார்த்து, தான் இப்படியல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தபடியே விழுந்து செத்துப் போகிறான். இதை நான் வண்டி குலுங்கக் குலுங்கச் சொல்லி முடித்தபோது அண்ணாச்சி, "நீரும் ஒரு சுவரைப் பார்த்துக் கீழ விழுந்துராதீரும், கம்பியப் புடியும்" என்றார். ஆனால் அந்தச் சுவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது. காற்றும் போகிறது. தூத்துக்குடியின் பழைய கட்டிடங்களிலும் இதே பவளக்கல் உண்டு, ஆனால் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். கல் மூச்சு விடுவதை நான் பார்த்தது இங்கேதான்.

முதலில் காட்டப்பட்டது வளரும் கல். இடுப்பளவு உயரம், வருஷா வருஷம் வளர்கிறது என்பது ஊர் நம்பிக்கை. எவ்வளவு வளர்கிறது என்று கேட்டேன். "கொஞ்சங் கொஞ்சமாத்தான்" என்றார் ஓட்டுநர். தனி வட்டியா கூட்டு வட்டியா என்று நான் கேட்டது அவருக்குப் புரியாமல் போனது நல்லதாயிற்று. பிறகு பெருக்கு மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள். அடிமரத்தில் ஒரு பொந்து, ஆள் உள்ளே நிற்கலாம். ஆப்பிரிக்காவில் பிறக்க வேண்டிய மரம் இங்கே என்ன செய்கிறது என்று அதற்கே தெரியாதது போல, குட்டைக் கிளைகளை வானத்தைப் பார்த்து விரித்துக்கொண்டு நிற்கிறது. பிறகு டச்சுக் காலத்துப் புறாக்கூடு, புறா இல்லை. பிறகு கோட்டை, கூரை இல்லை, பாதிச் சுவர் இல்லை. குதிரை எங்கே என்று மூன்று தடவை கேட்டாயிற்று.

"அங்காலதான் நிக்கும்."

அங்காலே நின்றவை மாடுகள். கானல் நீரில் கால்கள் நீண்டு தெரிந்ததால் அண்ணாச்சி பதினொரு படங்கள் எடுத்துவிட்டார். அடுத்த திருப்பத்தில் நின்றது ஒரு கழுதை. அதற்கடுத்து, தூரத்தில் பிடரி பறக்கப் பாய்ந்து வந்தது சைக்கிளில் தலைவிரி கோலமாக ஒரு பையன். எனக்கு உள்ளூர ஓர் ஆசை முளைத்துவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். குதிரையே இல்லாமல் போய்விட்டால்? பின்னட்டைப் படம் வேறெங்கோ எடுத்ததாக இருந்துவிட்டால்? டி கிரிகோ வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெயில் அந்த அளவுக்கு இருந்தது.

இதற்கிடையில் எங்கள் தண்ணீர் காணாமல் போயிற்று. யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஐந்து லிட்டர் கேன். பிக்கப்பின் மூலையில் வைத்திருந்தோம். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் இல்லை. அண்ணாச்சி உடனே திருட்டு என்று தீர்ப்பளித்தார். நான் அவருக்கு ஜான்ஸனின் கைத்தடிக் கதையைச் சொன்னேன். மல் தீவில் அவருடைய பெரிய ஓக் தடி தொலைந்துவிட்டது. யாரும் திருடியிருக்க மாட்டார்கள் என்று போஸ்வெல் எவ்வளவோ சமாதானம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. மரமே இல்லாத ஊரில் அவ்வளவு பெரிய கட்டை கிடைத்தால் எவன் திருப்பிக் கொடுப்பான், அதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பார் என்பது அவர் வாதம். "சரியாச் சொன்னாரு. மனுசன் நம்மூர்க்காரன்தான்" என்றார் அண்ணாச்சி. ஓட்டப்பிடாரத்தில் கோடையில் குடம் இவ்வளவு என்று கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறவனுக்கு ஜான்ஸனைப் புரிந்துகொள்ள பி.ஏ. தேவையில்லை.

தீவின் தெற்குப் பக்கம் பனைகளும் முடிந்துபோகின்றன. வெட்டவெளி. அதன் ஓரத்தில் கடல், நீலக் கோடு. நடுவில் கிணறு. கம்பி வலை. குதிரைகள்.

பதினான்கு இருந்தன. நான் எண்ணினேன், எண்ணுவதுதானே தொழில். காட்டுக் குதிரை என்கிறார்கள், ஆனால் கட்டையான சாதி. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து, டச்சுக்காரர் பண்ணை வைத்து வளர்த்து, ஆங்கிலேயர் நிர்வகித்து, கடைசியில் எல்லோரும் போன பிறகு யாருடையதும் இல்லாமல் மிஞ்சியவை. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. நாங்கள் வந்ததை அவை லட்சியம் செய்யவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றன. விலங்குகள் விழுந்துவிடாமலிருக்கத்தான் வலை. பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது, அடியில் ஈரம் மட்டும். கோடையில் தண்ணீர் இல்லாமல் இவை செத்து விழுவதுண்டு என்று ஓட்டுநர் சொன்னார். ஊர்ச் சனம் முடிந்தபோது தொட்டியில் நிரப்புவார்கள்.

"கான் உங்கடையோ ஐயா? கோட்டையடியிலை ஒரு குட்டி நிண்டது, நாக்கு வெளியாலை வந்து. நான் அதுக்கு வாத்துப் போட்டன். குறை நினைக்காதேங்கோ."

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. வலைக் கதவைத் திறக்கச் சொல்லி, வாளியில் கயிறு கட்டி, தமிழாசிரியரின் மெலிந்த கைகளால் இறைக்க ஆரம்பித்தார். கொஞ்சம் உப்புக் கரித்த தண்ணீர். நானும் இறைத்தேன். முக்கால் மணி நேரம். தொட்டிக்கருகே குதிரைகள் நெருக்கியபோது ஒன்று என் காலை மிதித்துவிட்டது. கட்டைவிரல் நகம் கறுத்து, ஊர் திரும்பிய பிறகுதான் விழுந்தது. ஐரோப்பிய ஸர்ரியலிஸம் காலை மிதித்தால் இப்படித்தான் வலிக்குமா என்று அண்ணாச்சி கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பத்து வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தது போல இருந்தது. மனம் லேசாகிவிட்டது. இதை அப்படியே எழுதிவிட வேண்டும், நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டு துறைக்குத் திரும்பினேன்.

மாலைப் படகுக்கு நேரம் இருந்தது. துறைக்கருகே ஒரு நினைவுத்தூண். அதன் நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில், படகுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், "குதிரை மிதிச்சுப் போட்டுதோ?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். நான் பதிலுக்கு, பேச்சுக்காக, இந்தத் தூண் யாருக்கு என்று கேட்டேன்.

"குமுதினிச் சனத்துக்கு."

எனக்குத் தெரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னார். எண்பத்தைந்தாம் ஆண்டு, மே மாதம் பதினைந்தாம் தேதி. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடுகிற படகு குமுதினி. நடுக்கடலில் நேவிக்காரர் மறித்து ஏறினார்கள்.

"ஒவ்வொரு ஆளாக் கூப்பிட்டவங்கள். பேர் என்ன, ஊர் என்ன, எங்கை போறாய், பெலத்துச் சொல்லு எண்டவங்கள். சொல்லிப்போட்டு உள்ளை போகோணும். உள்ளை வைச்சு வெட்டினவங்கள். வெளியிலை இருந்த ஆக்களுக்குப் பேர் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது."

குறைந்தது 23 பேர் என்பது பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது. ஊரார் கணக்கு அதைவிட அதிகம். கைக்குழந்தையும் அதில் உண்டு. அவர் கணக்கு எதுவும் சொல்லவில்லை. குமுதினி பிறகும் பல வருஷம் இதே கடலில் ஓடியது, அதில்தான் எல்லோரும் போய்வந்தோம், வேறு படகு ஏது என்று மட்டும் சொன்னார்.

பாராட்டிய கவிதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்ல வேண்டும். அந்தக் கவிதையில் சிலர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு ஒரு சின்ன வாசலுக்குள் குனிந்து போகிறார்கள். போனவர் திரும்புவதில்லை. காத்திருப்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் தங்கள் பெயரை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள். படகு என்ற சொல் கிடையாது. தரை அசைந்துகொண்டிருக்கிறது என்று ஓரிடத்தில் வரும். தேதி கிடையாது. தொகுதியிலேயே சுத்தமான கவிதை இதுதான் என்று நான் எழுதியிருந்தேன். காலம், இடம், அரசியல் ஆகிய கறைகள் படியாதது. காஃப்காவின் வாசலை நினைவூட்டுவது. அசைகிற தரை இருத்தலின் நிச்சயமின்மைக்குக் குறியீடு. அந்தக் கவிதை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதும் தெரியும். நகைக்கடன் நாளில் கவுண்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக நான்தான் உரக்கக் கூப்பிடுவேன். கூப்பிட்டவர் மட்டும் உள்ளே வருவார், மற்றவர்கள் தங்கள் பெயருக்குக் காது கொடுத்தபடி பெஞ்சில் இருப்பார்கள். நவீன மனிதனைப் பெயராகச் சுருக்கிவிடும் நிர்வாக யந்திரத்தின் அங்கதம் என்று இதையும் சேர்த்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அங்கதம் என்ற வார்த்தையையே போட்டிருந்தேன்.

1985-இல் நான் பிறந்திருக்கவில்லை. இதை ஒரு சமாதானமாகச் சில நாள் சொல்லிப் பார்த்தேன். நூற்றெழுபது வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்தைத் தெரிந்துகொள்ள மூன்று வருஷம் படித்தவன், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தன் அப்பா காலத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளவில்லை. கவிதைக்கு வெளியே போகக்கூடாது, பிரதிக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்பது நான் பரீட்சைக்குப் படித்தது. பிரதிக்குள்ளேயே இருந்தது என்பதும் உண்மைதான். தரை அசைந்தது, பெயரை உரக்கச் சொல்லச் சொன்னார்கள், போனவர் திரும்பவில்லை. நான்தான் எல்லாவற்றையும் வேறொன்றாக்கினேன். குதிரையைத் தவறாகப் படித்ததும் இதைத் தவறாகப் படித்ததும் ஒரே பழக்கம்.

கவிஞர் என் வசையை எடுத்துப் பின்னட்டையில் போட்டார். பாராட்டைத் தொடவில்லை. பத்து வருஷமாக இதை நான் பெருந்தன்மையின்மை என்று நினைத்திருந்தேன். நல்லதும் ஒன்று சொல்லியிருந்தேனே, அதை ஏன் விட்டார் என்று. குதிரை விஷயத்தில் என்னைப் பார்த்து அவரால் சிரிக்க முடிந்திருக்கிறது. மற்றதைப் படித்த அன்று அவர் என்ன செய்திருப்பார் என்று துறையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் படகில் அவருக்கு யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. பெரியவரிடம் கவிஞரின் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கலாம். சின்னத் தீவு, தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

படகு வந்தது. காலையில் பார்த்த அதே பையன், அதே நோட்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி இந்தத் தடவை இனிஷியலும் பட்டமும் இல்லாமல் பெயரை மட்டும் சொன்னார். என் பெயர் அவன் காதில் விழவில்லை.

"பெலத்துச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். எனக்குப் பின்னால் அந்தப் பெரியவர் நின்றார். கேட்பதற்கு முன்பே தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, பழக்கப்பட்ட காலால் படகின் விளிம்பைத் தாண்டி, குனிந்து உள்ளே போனார்.

ஊருக்கு வந்து கவிஞருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். குதிரைகளைப் பற்றி இரண்டு பக்கம் வேகமாக வந்தது: கழுதை, சைக்கிள் பையன், தண்ணீர் கேன், நகம். நன்றாகவே வந்திருக்கிறது என்று அண்ணாச்சி சொல்கிறார். மூன்றாவது பக்கத்தில் 'உங்கள் இன்னொரு கவிதையைப் பற்றி' என்று ஆரம்பித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். கடிதம் எம்ப்ஸனுக்குள், பின்னட்டையோடு கிடக்கிறது. இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.